இரண்டு பேருக்கு ஒரு மீன்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு நன்றாக வரும். மீதிதான் வராது.

நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வருகிற கணக்குப் புத்தகம், இருபத்தேழு ரொட்டியை நான்கு நண்பர்கள் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை, மீதி எத்தனை என்று கேட்கும். அடாஃபு தீவுப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: ஆளுக்கு ஆறே முக்கால், மீதி இல்லை. டெயலோஃபி டீச்சர் சிவப்புப் பேனாவால் சுழித்துச் சுழித்துக் கை ஓய்ந்துபோனாள்.

"ஆளுக்கு ஆறு, மீதி மூணுன்னு எழுதுங்கடா. எத்தனை தடவை சொல்றது?"

"அந்த மூணை என்ன பண்றது டீச்சர்? கடல்ல போடுறதா?" என்பான் டவிட்டா. "வெட்டிக் குடுத்துட்டா வேலை முடிஞ்சது."

அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஊர்ப் படகுகள் பிடித்து வரும் மீனைக் கரையில் பரப்பி, தீவிலிருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் சமமாகப் பிரிக்கிற இனாத்தியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பல் முளைக்காத குழந்தைக்கும் அங்கே ஒரு பங்கு, படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவருக்கும் அதே பங்கு. மீன் குறைந்தால் துண்டு சிறிதாகும். மிஞ்சினால் இன்னொரு முறை கத்தி இறங்கும். மணலில் மீன் மிச்சம் கிடந்தால் யாரோ ஒருவரை மறந்துவிட்டோம் என்று பொருள், அவ்வளவுதான். பெரியவர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

டவிட்டாவின் பெரியப்பா மகள் லெபெகா. அதே வகுப்பு, பதினோரு வயது, வாயாடி என்று பேர் எடுத்தவள். ஆனால் இப்போது அவள் வாயைத் திறந்து நாளாகிறது. அவளுடைய அப்பா ஃபெலெட்டி கடலுக்குப் போய் இரண்டு ஞாயிறு கடந்துவிட்டது.

ஒரு மாலை சூரை மீன் கூட்டம் தெரிகிறது என்று அலுமினியப் படகைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனார். சாயங்கால ஜெபத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று ராத்திரியே மேற்கிலிருந்து பெரிய அலை வந்து பவளப்பாறையில் அறையத் தொடங்கியது. பாறையை வெடிவைத்து வெட்டிய ஒரே வழி, படகு போய்வருகிற அந்தச் சின்ன வாய், நுரையால் அடைபட்டுப்போயிற்று. தேடப் போக முடியவில்லை. ஆகாய விமானம் ஒன்று வந்து வட்டமடித்துவிட்டுப் போனது. ஆப்பியா துறைமுகத்திலிருந்து வந்த கப்பல் தூரத்தில் நின்று ஊதியது, மாவு மூட்டைகளை இறக்க வழியில்லாமல் அப்படியே திரும்பிப்போனது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல், நடுவே ஒரு துண்டு நிலத்தில் மொத்த ஊரும் மாட்டிக்கொண்டது.

லெபெகாவுக்கு அதற்குள்ளே இன்னொரு கூண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் சீமைப்பலாவைச் சுட்டுக் கொண்டுவருவார்கள், உட்காருவார்கள், ஃபெலெட்டி என்று தொடங்குவார்கள், பிறகு வானத்தைப் பற்றிப் பேசுவார்கள். அம்மா சுசானா அழவில்லை. சிரிக்கவும் இல்லை. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். வீட்டில் அழுதால் அப்பா இறந்துவிட்டார் என்று ஆகிவிடும். விளையாடப் போனால் அப்பாவை மறந்துவிட்டாள் என்று ஆகிவிடும். எது செய்தாலும் தப்பு என்கிற வீட்டில் ஒரு பதினோரு வயதுப் பிள்ளை எப்படித்தான் இருப்பாள்? தம்பி பெனிக்கு ஐந்து வயது. அவனுக்கு மட்டும் அந்தச் சுவர்கள் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும், "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் வெளியே ஓடிவிடுவான்.

அலை அடங்கியது. ஊர் அவை எல்லாப் படகுகளையும் ஒன்றாக அனுப்பியது. மீனும் பிடிக்க வேண்டும், ஃபெலெட்டியையும் தேட வேண்டும். எது முதல் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அடுத்த இனாத்தி நாளில் வாழ்க்கைக் கணக்கு என்றொரு பாடம் நடத்த டெயலோஃபி டீச்சர் முன்பே திட்டம் போட்டிருந்தாள். ரொட்டியையும் ரயிலையும் விட்டுவிட்டு, நம் ஊர் மீனையே பிள்ளைகள் கணக்குப் போடட்டும், போட்ட விடையை ஒரு பிள்ளை இனாத்தி மைதானத்தில் ஊர் முன்னால் சொல்லட்டும் என்று ஏற்பாடு. நல்ல யோசனைதான், அலை வருவதற்கு முன்னால் போட்ட யோசனை. யார் சொல்வது என்று அப்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாள். சீட்டில் வந்த பெயர் லெபெகா. அன்று அவள் துள்ளிக் குதித்ததை வகுப்பே பார்த்தது. இப்போது பெயரை மாற்றலாம்தான். ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்று சொல்ல வேண்டியிருக்குமே. டீச்சர் அதனால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அம்மா காலையில் லெபெகாவுக்குத் தலை பின்னிக்கொண்டே பேசினாள்.

"இன்னைக்கு நீதான் படிக்கணுமாமே."

"ஆமாம்மா."

"எதையும் வாய்விட்டுக் கேக்காத. குடுக்கிறதை எடுத்துட்டு வா."

"அப்பாவுக்கு?"

அம்மாவின் கை பின்னலில் நின்றது. "குடுக்கிறதைன்னுதானே சொன்னேன்" என்றாள், முடியை இறுக்கிக் கட்டினாள்.

உச்சிப்பொழுதுக்குப் படகுகள் திரும்பின. மீன் எத்தனை என்று பார்த்துவர டவிட்டாவை டீச்சர் அனுப்பியிருந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"இருநூத்தியாறு டீச்சர்! எல்லாம் சூரை. அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவு."

பிறகு லெபெகா பக்கம் திரும்பாமல், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வேற ஒண்ணும் கெடைக்கல."

டீச்சர் அவசரமாகச் சாக்குக்கட்டியை எடுத்தாள். பலகையில் வருடத் தொடக்கத்தில் எழுதிய வீட்டுக் கணக்கு அப்படியே இருந்தது, வீட்டுக்கு எத்தனை பேர், மொத்தம் நானூற்றுப் பதின்மூன்று. குழந்தை பிறந்தால் ஒன்று கூட்டுவார்கள். யாராவது ஆப்பியாவுக்கோ வெலிங்டனுக்கோ கப்பலேறினால் ஒன்று கழிப்பார்கள். இந்த வருடம் பிறந்ததும் போனதும் சரியாகப் போயிற்று.

"எல்லாரும் நோட்டை எடுங்க. மீன் இருநூத்தியாறு. ஆளுக்கு எவ்வளவு?"

டவிட்டாதான் முதலில் கையைத் தூக்கினான். "ரெண்டு பேருக்கு ஒரு மீன் டீச்சர். ஆளுக்குப் பாதி. கச்சிதமா வருது."

"எப்படிடா கச்சிதமா வருது? நானூத்திப் பதிமூணை ரெண்டா வகுத்துப் பாரு."

"நானூத்திப் பன்னெண்டு."

"பலகைல பதிமூணுன்னு இருக்கு."

"லெபெகா வீட்ல அஞ்சுன்னு இருக்கு டீச்சர்" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது. "நாலு."

லெபெகா எழுந்து நின்றாள்.

"அஞ்சு!"

"ஊர்ல இல்லாதவங்களுக்குப் பங்கு கெடையாது. எங்கக்கா ஆப்பியா போனதும் அவளைக் கழிக்கலையா? பெரியப்பா ஊர்ல இல்ல, அவ்ளோதான் சொன்னேன். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல."

"உங்கக்கா கப்பல்ல போனா. எங்கப்பா மீன் புடிக்கப் போயிருக்காரு. மீன் புடிக்கப் போனவங்களை யாராவது கழிப்பாங்களா? போன மாசம் உங்கப்பா படகு லேட்டா வந்துச்சு, பங்கு முடிஞ்சப்புறம் வந்துச்சு. உங்கப்பாவைக் கழிச்சாங்களா? சொல்லுடா!"

டவிட்டா நோட்டைப் புரட்டினான். அவன் கெட்ட பையன் இல்லை. கணக்கு சரியாக வந்தால் சந்தோஷப்படுகிற பையன். அன்று அவன் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. கப்பலேறியவர் பங்கில் இல்லை. கடலில் இருப்பவர் பங்கில் உண்டு. புதைத்தவர் இல்லை. இது எதிலும் சேராதவருக்கு என்ன செய்வது என்று ஊரில் ஒருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை. அலை இருந்தவரைக்கும் மீன் இல்லை, மீன் இல்லாததால் எண்ண வேண்டியும் இருக்கவில்லை. இப்போது மீன் வந்துவிட்டது.

ஒன்பது பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தார்கள். வெலிங்டனில் படித்துவிட்டு வந்தவள், எந்தக் கணக்குக்கும் வழி சொல்கிறவள். அவள் சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு விதமாவும் போட்டு வைங்க" என்றாள் கடைசியில். அது விடையே இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

மணி அடித்ததும் லெபெகாவைத் தனியே கூப்பிட்டாள். "வேற யாராவது படிக்கட்டுமாடா கண்ணு?"

"வேற யாரு படிச்சாலும் நாலுன்னு படிப்பாங்க டீச்சர்."

"நீ என்னன்னு படிப்ப?"

லெபெகாவுக்குத் தெரியவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னால் அப்பாவைக் கழித்தது ஊர் இல்லை, அவள்தான் என்றாகும். பதின்மூன்று என்றால் அரை மீன் உதைக்கும், செத்தவனுக்குப் பங்கு கேட்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சொல் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் திரும்பப் போகாது. அம்மா கேட்காதே என்றாள். கேட்காமல் இருந்தால் நாலு. பள்ளியிலிருந்து கரைக்கு நடக்கிற வழியெல்லாம் இந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், அந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஊர் அத்தனை சின்னது, வழி உடனே முடிந்துவிட்டது.

மைதானத்தில் மீன்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன, வயிறு வெயிலில் மின்னியது. பிள்ளைகள் ஒற்றைச் சக்கர வண்டிகளோடும் ஓலைக் கூடைகளோடும் சுற்றி நின்றார்கள். பங்கிடுகிற சகாயோ இடுப்பில் கத்தியோடு நடுவில் நின்றார். மற்ற நாட்களில் கேலியும் கிண்டலுமாக இருக்கிற இடம். "சகாயோ, உன் வீட்டு மீனுக்கு மட்டும் ஏன் வால் நீளமா இருக்கு?" என்று யாராவது இழுப்பார்கள். அன்று யாரும் இழுக்கவில்லை. மூத்தோர்கள் நிழலில் வரிசையாக உட்கார்ந்து தங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டவிட்டாவின் அப்பா, ஃபெலெட்டியின் கூடப்பிறந்த தம்பி, படகுப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, ஏற்கெனவே சுற்றிவைத்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

"பள்ளிக்கூடத்துக் கணக்கு என்ன சொல்லுது?" என்றார் சகாயோ.

லெபெகா முன்னால் வந்தாள். நோட்டைத் திறக்கவில்லை.

"ரெண்டு பேருக்கு ஒரு மீன். மொத்தம் நானூத்திப் பன்னெண்டு பேர்."

நிழலில் இருந்தவர்கள் மூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. அவர்கள் சொல்ல வேண்டியதை ஒரு சின்னப் பெண் சொல்லிவிட்டாள். சகாயோவின் முகம்கூடத் தளர்ந்தது. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சரிம்மா. அப்போ உங்க வீட்டுக்கு நாலு பேர்."

"நாலு பேர்" என்றாள் லெபெகா. விரலை மடக்கினாள். "அப்பா, அம்மா, பெனி, பாப்பா."

சகாயோ அவளையே பார்த்தார்.

"நீ?"

"நான் இல்ல. என்னைக் கழிச்சாச்சு."

யாரோ ஒரு வண்டியின் கைப்பிடியைக் கீழே விட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் உடைந்து வந்தது. "ஏய் சகாயோ, என் பங்கு அரை மீனை அந்தப் பிள்ளைக்குக் குடுய்யா! ஒரு அரை மீனுக்கா இந்தப் பாடு?"

"மீனா இங்க பிரச்சினை?" என்றார் சகாயோ, திரும்பாமலே. பிறகு லெபெகாவிடம், "தாயி, பங்குல இருந்து யாரும் தானா எந்திரிச்சு வெளிய போக முடியாது. அப்படி ஒரு வழக்கம் இல்ல."

"யாராவது ஒரு ஆள் போனாத்தானே சரியா வருது. அது நானா இருந்தா என்ன? நான் இங்கதான் நிக்கிறேன். எல்லாருக்கும் தெரியும் நான் இருக்கேன்னு."

சகாயோ நிழலின் பக்கம் திரும்பினார். இப்போதாவது ஒருவர் சொல்லட்டும் என்று நின்றார். ஃபெலெட்டியை எண்ணு என்றோ எண்ணாதே என்றோ ஒரே ஒரு சொல். வயதான வாய்கள் ஒன்றும் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வாய்களின் மேல் கோபம்தான். கணக்கு நானூற்றுப் பன்னிரண்டில் நின்றுவிட்டது, மீன் உதைக்கவில்லை, யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு பிள்ளை தன்னைத் தூக்கி வெளியே வைத்ததில் ஊருக்கு அத்தனை சௌகரியம்.

பங்குகளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு, குடும்பத் தலைவர் பெயரால் கூப்பிடுவது வழக்கம். பிள்ளைகள் ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனார்கள். லெபெகாவின் வீடு வரும்போது கூப்பிடுகிறவருக்கு நாக்கு ஒரு கணம் ஒட்டிக்கொண்டது. பிறகு எப்போதும் போலவே, கடைசி எழுத்தை இழுத்துக் கூவினார்.

"ஃபெலெட்டீ!"

கயிறு சுற்றிக்கொண்டிருந்தவரின் தோள் குலுங்கியது. லெபெகா போய் இரண்டு மீனையும் வண்டியில் போட்டாள். அந்தப் பெயர் ஊர் நடுவில் சத்தமாக ஒலித்ததே, அது அவளுக்குப் போதும் என்றிருந்தது. அந்த நிமிஷத்துக்கு உண்மையிலேயே போதுமாகத்தான் இருந்தது.

பாதி வழியில் டவிட்டா பின்னால் ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டான்.

"விடுடா. நானே தள்ளுவேன்."

"நீதான் இல்லைன்னு சொல்லிட்டியே. இல்லாதவ எப்படி வண்டி தள்ளுவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் உடனே பயம் வந்தது. இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துத் தள்ளினார்கள். வீடு தெரிந்ததும் அவன் நின்றுவிட்டான். "நான் கணக்குக்காகத்தான் சொன்னேன்" என்றான், மணலைக் காலால் கிளறிக்கொண்டு. "தெரியும்" என்றாள் அவள்.

செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. அத்தனை சின்ன ஊர். அம்மா வாசலில் நின்றிருந்தாள், இத்தனை நாளில் முதல்முறையாக.

"யாருடி உன்னைக் கழிக்கச் சொன்னது?"

அம்மா மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சுட்டு முடித்து, நீளவாக்கில் பிளந்து, தட்டுகளை அடுக்கினாள். அப்பாவுக்குப் பாதி, பெனிக்குப் பாதி, தனக்குப் பாதி, பாப்பாவுக்குப் பாதி. பிறகு தன் பாதியை எடுத்து லெபெகாவின் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வேணாம். நான் எண்ணிக்கைல வரல."

"வெளிய நீ என்ன கணக்கு வேணாப் போடு. இங்க நான் போடுறதுதான் கணக்கு. பாப்பாவுக்குப் பல் இருக்கா? இல்லல்ல. அவ பங்கு எனக்கு. என் பங்கு உனக்கு. தீந்துச்சா? தின்னு."

அத்தனை பெரிய கணக்கை அம்மா ஒரு மூச்சில் போட்டு முடித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பெனி முள்ளை உறிஞ்சிவிட்டு அப்பாவின் தட்டைப் பார்த்தான். "அது அப்பாவுக்கு" என்றாள் அம்மா, வாழையிலையால் மூடினாள். அவன் உடனே கையை இழுத்துக்கொண்டான்.

தட்டு கழுவும்போது அம்மா லெபெகாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"இன்னைக்கு நாலுன்னு வந்துடும்னு நெனச்சேன். நாலுன்னு நீ சொல்லணும்னு இல்ல. அவங்களே சொல்லிடுவாங்கன்னு. சொல்லியிருந்தா வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திட்டு அழுதிருப்பேன். இத்தனை நாளா அதுக்காகத்தான் உக்காந்திருந்தேன்."

லெபெகா தட்டைக் கீழே வைத்தாள். "நான் தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"இல்லடி." அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். "அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே. இங்கவரைக்கும் கேட்டுச்சு. இனிமே எப்படி அழுறது? காத்திருக்கணும். நாம எல்லாரும் காத்திருக்கணும்."

காலையில் பெனி எழுந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டான். இலையைத் தூக்கிப் பார்த்தான். அரை மீன் அப்படியே இருந்தது, ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. பன்றிக்குப் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. வைத்திருக்கவும் முடியாது, அடுத்த வேளைக்குள் நாறிப்போகும். அவள் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். லெபெகா அம்மாவை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

வகுப்பில் டெயலோஃபி டீச்சர் பலகையில் எழுதியிருந்தாள்: நேற்று உங்கள் வீட்டுக்கு எத்தனை மீன் வந்தது? எப்படிப் பங்கிட்டீர்கள்? மீதி எவ்வளவு? எழுதும்போது யாரையும் நினைத்து எழுதியிருக்க மாட்டாள். ராத்திரி தூங்கியவள் முகமாக அது இல்லை.

எட்டு நோட்டுகள் வந்தன. எட்டிலும் எப்போதும் போல, மீதி இல்லை. ஒன்பதாவது நோட்டை லெபெகா கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வட்டமான அவள் கையெழுத்தில் மூன்றே வரி.

வந்தது இரண்டு மீன். சாப்பிட்டது ஒன்றரை. மீதி அரை மீன்.

ஒரு வருடமாகப் படித்துப் படித்துச் சொல்லியும் எந்தப் பிள்ளையும் எழுதாத விடை. டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். சரி என்று போட அவளால் முடியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, லெபெகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.